பொட்டி பாடக் கூடாது

திருப்பாதிரிப்புலியூர்னு சொன்னா உங்கள்ல பாதிப் பேருக்கு ரயில்வே ஸ்டேஷன் ஞாபகம் வரும். மீதிப் பேருக்குக் கல்லோட கடல்ல மிதந்து வந்து கரையேறின அப்பர். எனக்கு இப்ப மூணாவதா ஒண்ணும் சேர்ந்திருக்கு. பாடலீஸ்வரர் கோயில்லேர்ந்து நடக்கற தூரத்துல, ஒரு ஓட்டு வீட்டுப் பின்கட்டுல ஒருத்தர் ஸ்பீக்கர் செய்யறார். பேரு போட வேண்டாம்னுட்டார். ஊருக்கு அவர் மைக்செட்காரர். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம்னு முப்பது வருஷமா குழாய் கட்டினவர். ராத்திரியில பண்றது வேற வேலை.

பட்டறை பூரா மரத்தூளும் ஈயப்பத்து வாசனையும். காயில் எரிஞ்ச யூனிட்டுங்க ஒரு கூடை நிறைய. ஓரமா ஒரு பலாமரப் பெட்டி, நல்ல மஞ்சள் நிறம், பார்க்க அவ்வளவு அழகு. 2011 டிசம்பர் 30-ல தானே புயல் அடிச்சப்ப பண்ருட்டிப் பக்கம் பலா மரமெல்லாம் சாய்ஞ்சுதே, அதுல ஒரு மரத்துல செஞ்சதாம். வீணைக்கும் தவிலுக்கும் பலாதானே, ஸ்பீக்கருக்கும் ஜோரா இருக்குமேன்னேன்.

"அங்கதான் தம்பி இருக்கு விஷயம். வீணைக்குக் குடம் பாடணும். ஸ்பீக்கருக்குப் பொட்டி பாடக் கூடாது" அப்டீன்னார்.

யோசிச்சா சரிதான். வீணைக்குன்னு சொந்தக் குரல் வேணும். ஸ்பீக்கர் அடுத்தவங்க குரலைக் கொண்டுவந்து சேர்க்கிற தபால்காரர். அவர் தன் பங்குக்கு ரெண்டு வரி எழுதிச் சேர்த்தா எப்படி? அந்தப் பலாப் பெட்டியில யார் பாடினாலும் ஒரு குறிப்பிட்ட சுரம் வரும்போது மட்டும் குரல் தடிச்சுடுமாம். இப்ப அவர் பெட்டியெல்லாம் கனமான பிளைவுட், உள்ள குறுக்குச் சட்டம். விரல் முட்டியால தட்டினா 'டொக்'னு செத்த சத்தம் வரணும். அதான் பாஸ் மார்க்.

பெட்டிக்குள்ள எத்தனை லிட்டர் காத்து இருக்கணும்கிறதுக்கும் கணக்கு இருக்கு. 1961-ல ஆஸ்திரேலியாவுல நெவில் தீல்னு ஒரு என்ஜினீயர் ஆரம்பிச்சு வெச்சது, எழுபதுகள்ல ரிச்சர்ட் ஸ்மால் விரிவாக்கினது. உலகம் பூரா இன்னிக்கும் ஸ்பீக்கர் பெட்டிக்கு அதான் அரிச்சுவடி. நம்மாளு நாற்பது பக்க நோட்டுல அந்தச் சூத்திரங்களைத் தமிழ்ல எழுதி வெச்சிருக்கார்!

அப்புறம் கேட்கிற அறை. பத்துக்குப் பன்னெண்டு அடி இருக்கும். சுவத்துல பழைய இலவம்பஞ்சு மெத்தை ரெண்டு தொங்குது, எதிர்ல புத்தக அலமாரி. முன்கூடத்துல கை தட்டினா 'ணங்'னு திரும்பி வருது. இங்க தட்டினா தட்டினதோட சரி. 'கொஞ்சும் சலங்கை' (1962) பாட்டைப் போட்டார். காருகுறிச்சி அருணாசலம் நாயனம், ஜானகி குரல். எத்தனை தடவை கேட்ட பாட்டு! நாயனத்துல மூச்சு மாறுற இடம் எனக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. இத்தனைக்கும் சத்தம் ரெண்டு பேர் பக்கத்துல உட்கார்ந்து பேசற அளவுதான்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம்னு சொல்றவங்களுக்கு: கொச்சியில ஜேக்கப் ஜார்ஜ்னு ஒரு கட்டடக்கலைஞர் 'ரெத்ம்'னு ஸ்பீக்கர் வடிவமைச்சு, சாதனா, மார்கா, த்ரிஷ்ணான்னு பேர் வெச்சு, வெளிநாட்டு விமர்சகர்கள் உட்கார்ந்து கேட்டு எழுதற அளவுக்குக் கொண்டு போனார். நம்ம பக்கத்துல காதுக்குப் பஞ்சம் இல்லை.

சரி, மேட்டருக்கு வரேன். இவ்வளவு காது இருக்கிற மனுஷன் பகல்ல என்ன பண்றார்? தெருமுனையில எட்டு பெட்டியை அடுக்கி ஊரையே அதிர வைக்கிறார். ஏன்னா விழாக் கமிட்டி கேட்கிறது ஒரே கேள்வி: "எத்தனை பொட்டி?" பேச்சு புரியுமா, பாட்டு பாட்டாக் கேட்குமான்னு இந்த முப்பது வருஷத்துல ஒருத்தரும் கேட்டதில்லையாம்.

முன்னாடி குழாய் இருந்தப்ப அதுக்கு ஒரு நியாயம் இருந்துது. கொஞ்சம் கரண்ட்லயே ரொம்ப தூரம் போகும். ஆனா கீழ்ச் சத்தம் வராது. தவில்ல வலந்தலை மட்டும் கேட்கும், தொப்பி காணாமப் போயிடும். பாதி வித்வானுக்குத்தான் நாம தலையாட்டினோம். இப்பப் பெட்டி வந்து தொப்பியும் கேட்குது... நெஞ்சுக்கூட்டுலயே கேட்குது.

கணக்கைப் பாருங்க. திறந்த வெளியில தூரம் ரெட்டிப்பானா சுமாரா 6 டெசிபல் குறையும். 80 மீட்டர் தள்ளி இருக்கிறவருக்கு 76 டெசிபல் போகணும்னா, 5 மீட்டர்ல இருக்கிறவர் காதுல 100 விழும். 85 டெசிபல்ல எட்டு மணி நேரம் இருக்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் ஏறவும் நேரம் பாதியாகும்கிறது தொழில் சுகாதாரக்காரங்க வெச்சிருக்கிற கணக்கு. அப்படின்னா 100-க்கு கால் மணி நேரம். ஸ்பீக்கருக்கு முன்னாடி மண்ல உட்கார்ந்திருக்கிறது யாரு? குழந்தைங்க.

சட்டம் இல்லாம இல்லை. 2000-ல வந்த ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதியில பகல்ல 55, ராத்திரி 45. ராத்திரி பத்துலேர்ந்து காலை ஆறு வரைக்கும் ஒலிபெருக்கி கூடாது. விழாவுக்குன்னு அரசு நினைச்சா வருஷத்துல 15 நாள் மட்டும் நடுராத்திரி வரை தளர்த்தலாம். 2005 ஜூலையில உச்ச நீதிமன்றமும் இதைப் பத்தி விரிவாத் தீர்ப்பு சொல்லிடுச்சு. ஆனா போலீஸ் வந்து நிறுத்தினாத்தான் நிறுத்துவோம்கிறது நம்ம பழக்கம்.

இதுக்கு அவர்கிட்ட வழி இருக்கு. மூலைக்கு எட்டு பெட்டி வேண்டாம். தெரு நெடுக பதினைஞ்சு மீட்டருக்கு ஒண்ணுன்னு சின்னப் பெட்டி, எல்லாம் குறைஞ்ச சத்தத்துல. ஒலி வினாடிக்கு 340 மீட்டர்தான் போகும்கிறதால மேடையிலேர்ந்து தள்ளிப் போகப் போக ஒவ்வொரு பெட்டியையும் கொஞ்சம் தாமதமாப் பேச வைக்கணும், இல்லேன்னா எதிரொலி மாதிரிக் குழம்பும். இப்ப வர்ற டிஜிட்டல் மிக்ஸர்ல அது ரெண்டு பட்டன் வேலை. ஒயரும் ஆள் கூலியும் கொஞ்சம் கூட ஆகும், அவ்வளவுதான்.

ஒரு கல்யாணத்துல செஞ்சு பார்த்திருக்கார். பந்தி வரைக்கும் நாயனம் சுத்தமாக் கேட்டுதாம், ஜனங்க கத்தாம பேசிக்கிட்டாங்களாம். ராத்திரி கணக்கு முடிக்கும்போது பொண்ணோட மாமா வந்து சொன்னாராம்: "சவுண்டே இல்லையேப்பா, வாடகையில ஐநூறு குறைச்சுக்க."

அதுக்கப்புறம் அவரும் மூலைக்கு எட்டுன்னே கட்டறார். உங்க தெருக் கமிட்டியில தெரிஞ்சவங்க இருந்தா, அடுத்த திருவிழாவுக்கு அந்த ஐநூறை மட்டும் கூடக் கொடுக்கச் சொல்லிப் பாருங்களேன்.