அந்த ரயிலை மறுபடி ஓட்ட வேண்டாம்

பரம்பிக்குளம் ட்ரெக் போனா பனிமூட்டத்துல ரீல்ஸ் எடுப்பீங்க, தெரியும். எடுங்க. ஆனா காட்டுக்குள்ள புதைஞ்சு கிடக்கிற பழைய ட்ராம்வேயையும் கைடுகிட்ட கேட்டுப் பாருங்க. கொச்சி சமஸ்தானம் சாலக்குடி வரைக்கும் மரம் இறக்கப் போட்ட பாதை, சுமார் 80 கி.மீ. 1963-ல மூடிட்டாங்க.

செங்குத்தான சரிவுல என்ஜினே இழுக்கல. மரம் ஏத்தின பெட்டி கீழே இறங்கும். அதே கம்பியோட மறுமுனையில காலிப் பெட்டி மேலே ஏறும். டீசல் இல்ல, கரண்ட் இல்ல, புவியீர்ப்பும் பிரேக்கும்தான். நம்ம மெக்கானிக்ஸ் பேப்பர்ல வர்ற அதே கப்பிக் கணக்கு!

அந்தக் கணக்கு சரியா வந்ததாலதான் காடு காலியாச்சு. வழியில வரிசை பிடிச்சு ஒரே உயரத்துல நிக்கிற தேக்கைப் பாருங்க. அது காடு இல்ல, வெட்டின பிறகு நட்ட தோட்டம். பழைய காட்டுத் தேக்கு எப்படி இருக்கும்னா, துணக்கடவு பக்கம் கன்னிமாரா மரம் நிக்குது. கட்டிப்பிடிக்க நாலஞ்சு பேர் வேணும்.

"டாய் ட்ரெயினா ஓட்டினா செம மச்சி"ன்னான் என் பெஞ்ச்காரன். வேண்டாம்ங்கிறது என் கட்சி. இப்போ அது புலிகள் காப்பகம். தண்டவாளம் துருப்பிடிச்சே கிடக்கட்டும், நாம நடந்தே போய்ப் பார்ப்போம். ஆணி, போல்ட்னு எதையும் ஞாபகத்துக்குன்னு பையில போட்டுக்காதீங்க, ப்ளீஸ்.