வாழ வைப்போம், படிக்க வைப்போமா?

காயல்பட்டினத்தில் நண்பர் ஒருவர் வீடு கட்டிக்கொண்டிருக்கிறார். ஹாங்காங் சம்பாத்தியம். 'வந்து பாருங்க' என்றார், போனேன். உள்ளே டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தவர்கள் ஒடிசாக்காரர்கள். வாசல் மணலில் ஒரு சிறுமி, உடைந்த டைல்ஸ் துண்டுகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். எட்டு வயசிருக்கும். செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணி.

"இந்தப் பிள்ளை ஸ்கூலுக்குப் போகலியா காக்கா?"

"கூட்டிட்டுத்தான் போனாங்க. டி.சி. எங்கேன்னு கேட்டிருக்காங்க. தமிழும் தெரியாதே! வேலை முடிஞ்சா அடுத்த ஊருக்குப் போயிடுவாங்க, விடுங்க" என்றார். நல்ல மனுஷர். அந்தப் பிள்ளைக்கு மதியச் சாப்பாடு அவர் வீட்டிலிருந்துதான்.

"உங்க பேரன் ஹாங்காங் போனப்போ அவனுக்குச் சீன மொழி தெரியுமா?"

சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டார்.

ஹாங்காங் ஒன்றும் சொர்க்கமில்லை. சீன மொழி தெரியாத பிள்ளைகள் அங்கே பின்தங்குகிறார்கள் என்பது பல வருஷத்துப் புகார். ஆனாலும், புதிதாக வந்திறங்கும் பிள்ளைக்கு அரசு செலவில் ஆறு மாத முழுநேர ஆயத்த வகுப்பு உண்டு. நேராகப் பள்ளிக்கே போனாலும், தொண்டு நிறுவனங்கள் வழியாக 60 மணி நேரப் பயிற்சி. 'மொழி தெரியாதே, விடுங்க' என்று அங்கே யாரும் மணலில் உட்கார வைப்பதில்லை.

நம்மிடம் சட்டம் இல்லையா? பேஷாக இருக்கிறது. 2010 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் 5-வது பிரிவு, டி.சி. வரத் தாமதமானால் அதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது. வயதுச் சான்று இல்லை என்றும் மறுக்க முடியாது. இடம்பெயர்ந்து வரும் குடும்பத்துப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது உள்ளாட்சியின் கடமை என்று 9-வது பிரிவு தனியாகவே சொல்கிறது.

இதையெல்லாம் நண்பரிடம் சொல்லிவிட்டு வந்தேன். ஒரு வாரம் கழித்து போன் செய்தார். "சேர்த்தாச்சு. நானே போய்ப் பேசினேன். ஆனா பிள்ளை கடைசி பெஞ்சுல சும்மா உட்கார்ந்திருக்கு. டீச்சர் பேசுறது அதுக்குப் புரியலை, அது பேசுறது டீச்சருக்குப் புரியலை. மூணாவது நாளே மணலுக்கு வந்துட்டு."

விஷயமே இங்கேதான் இருக்கிறது. வருகைப் பதிவேட்டில் பெயர் எழுதுவது சேர்க்கை. அது படிப்பு ஆகாது.

புலம்பெயர்ந்து வந்த பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தர 2025-ல் 'தமிழ் மொழி கற்போம்' என்று பள்ளிக் கல்வித் துறை ஒரு திட்டம் கொண்டுவந்தது. நல்ல காரியம். ஆனால் முதல் நாள் அந்தப் பிள்ளையிடம் அவள் மொழியில் 'உன் பேரென்ன, பசிக்குதா?' என்று கேட்க ஒரு ஆள் வேண்டாமா? கேரளாவில் எர்ணாகுளம் மாவட்டம் 2017-ல் தொடங்கிய 'ரோஷ்ணி' திட்டம் இதைத்தான் செய்தது. பிள்ளைகளின் மொழி தெரிந்த தன்னார்வலர்களைப் பள்ளிக்குள் கொண்டுவந்தார்கள். வகுப்பு தொடங்கும் முன் ஒன்றரை மணி நேரம், காலை உணவோடு, அவர்கள் மொழி வழியாகவே மலையாளம் சொல்லிக்கொடுத்தார்கள்.

'அப்படின்னா இந்தியைக் கொண்டுவரச் சொல்றீங்களா?' என்று ஒருவர் கிளம்புவார். ஐயா, அந்தச் சிறுமியின் மொழி ஒடியா. இந்தி அவளுக்கும் அந்நியம்தான். நான் கேட்பது, அவள் தமிழுக்குள் வர ஒரு வாசல்படி.

'காசு?' என்பார் இன்னொருவர். கட்டடச் செலவில் குறைந்தது 1 சதவீதம் தொழிலாளர் நலனுக்கென்று வசூலிக்க 1996-லேயே சட்டம் வந்துவிட்டது. தொழிலாளியின் உழைப்பு எழுப்பும் கட்டடத்திலிருந்து வரும் பணம் அது. அந்தக் கட்டடத்தின் வாசலில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அதில் பங்கு கிடையாதா? இது எந்த ஊர் வரவு செலவுக் கணக்கு?

'போயிடுவாங்க' என்பதுதான் இருப்பதிலேயே மோசமான சாக்கு. மூட்டை கட்டிக்கொண்டு கொழும்புக்கும் ஹாங்காங்குக்கும் போன காயல்காரர்களைப் பற்றியும் அங்கே யாரோ இப்படித்தான் சொல்லியிருப்பார்கள். முத்தும் குதிரையும் கைமாறிய இந்தக் கரைக்கு மார்க்கோ போலோ காலத்திலிருந்தே வெளியூர்க்காரன் புதுசில்லை. போவதும் வருவதும்தான் காயலின் பிழைப்பு. இந்த ஊருக்கே இது புரியாவிட்டால் வேறு எந்த ஊருக்குப் புரியும்?

'வந்தாரை வாழ வைப்போம்' என்று மேடைக்கு மேடை பெருமை பேசுகிறோம். வந்தவர் நமக்கு வீடு கட்டுகிறார், ஓட்டலில் பரிமாறுகிறார், தறி ஓட்டுகிறார். யாரை யார் வாழ வைக்கிறார்கள் என்பது இருக்கட்டும். அவர் பிள்ளையைப் படிக்க வைத்துவிட்டு அப்புறம் மேடை ஏறுவோம்.

உங்கள் தெருவிலும் ஏதாவது ஒரு வீடு எழும்பிக்கொண்டிருக்கும். ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு அந்த மணல் குவியலை எட்டிப் பாருங்கள்.