பரபக்கத்தை முதலில் எழுதட்டும்

கைபேசியின் தீமைகள், நெகிழி ஒழிப்பு, மதுவின் கேடு, நூலகத்தின் பயன். நம் வினாத்தாள்களில் கட்டுரைக்கென்று வரும் தலைப்புகள் இவை போன்றவைதான். முடிவு தலைப்பிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. எழுதும் மாணவர் யாரையும் இணங்கவைக்க வேண்டியதில்லை. திருத்துபவர் ஏற்கெனவே அந்தப் பக்கம்தான் நிற்கிறார். முன்னுரை, நாலு உட்தலைப்பு, நடுவே இரண்டு குறள், முடிவுரை என்று வரிசை சரியாக இருந்தால் மதிப்பெண் விழுந்துவிடும். இதைத்தான் வாதக் கட்டுரை என்று பயிற்றுவித்து வருகிறோம். எதிரே ஆளில்லாமல் என்ன வாதம்?

இந்தச் சட்டகம் வேண்டும் என்கிற ஆசிரியர்களின் நியாயம் வலுவானது. வகுப்பு நிறையப் பிள்ளைகள். வீட்டில் நாளிதழ் வாங்காத குடும்பத்துப் பிள்ளை, வெற்றுத்தாளைக் கண்டு மிரளாமல் இரண்டு பக்கம் எழுதி முடிக்க அந்த உட்தலைப்புகள்தாம் கைகொடுக்கின்றன. திருத்தும் முகாமில் ஒரு தாளுக்குக் கிடைக்கும் நேரம் கொஞ்சம். பொதுச் சட்டகம் இல்லாவிட்டால் மதிப்பெண் ஆளுக்கு ஆள் மாறும், அதில் அடிபடுவதும் அதே பிள்ளைதான். இதற்கு மேல் இன்னொன்றும் சொல்கிறார்கள்: தனக்கென்று ஒரு கருத்து உருவாகாத வயதில் எதிர்க்கருத்தையும் சேர்த்துக் கொடுத்தால் பிள்ளை குழம்பிப்போகும். முதல் இரண்டையும் அப்படியே ஏற்கிறேன். சட்டகம் இருக்கட்டும். அதற்குள் முன்னுரையை அடுத்த பத்தியை மட்டும் மறுப்பவருக்குக் கொடுத்துவிடுவோம் என்பதுதான் என் வேண்டுகோள். குழப்பம் பற்றிய அச்சத்துக்கு நம் இலக்கியத்திலேயே விடை இருக்கிறது.

13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என இரண்டாக வகுத்தார். தம் சமயக் கொள்கையை விரிக்கும் சுபக்கத்தை அவர் பின்னால் வைத்தார். முன்னால் நிற்பது பரபக்கம். உலகாயதத்தில் தொடங்கிப் பாஞ்சராத்திரம் வரை 14 தரப்புகள் அதில் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் முதலில் அவர்களுடைய மதம், அதன் பிறகே மறுப்பு. உலகாயதன் தன் தரப்பைத் தானே தெம்போடு பேசுகிறான். மறுமை என்று ஒன்று இல்லை, கண்ணால் கண்டதே மெய் என்று அடித்துச் சொல்கிறான். சைவம் கற்க வந்தவர் ஒரு கணம் அவன் பக்கம் சாய்ந்துவிடக்கூடும். அந்த ஆபத்தை அருணந்தியார் அறியாமல் செய்யவில்லை. மாற்றுத் தரப்பின் முழு வலுவையும் கண்ட பிறகு மாணவன் கொள்ளும் தெளிவே நிலைக்கும் என்று நம்பியவரின் அமைப்பு இது. குழம்பாமல் தெளிவு பிறக்கும் என்று அவர் எண்ணியதாகத் தெரியவில்லை.

நீலகேசி சென்ற வழியும் இதுவே. அந்தச் சமண நூல் மறுக்க எடுத்துக்கொண்ட பௌத்தக் காப்பியமாகிய குண்டலகேசி பெரும்பாலும் அழிந்துவிட்டது. அதைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் ஒரு பகுதி, மறுத்த நீலகேசியும் அதன் உரையும் காத்துக் கொடுத்தது. நன்னூல் ஆசிரியர் பவணந்தியார், நூல் எழுதுவோர் கொள்ளும் ஏழு நிலைப்பாடுகளாகிய எழுமதத்தில் உடன்படலையும் மறுத்தலையும் சொன்னதோடு நிற்கவில்லை; பிறர் கொள்கையை முதலில் ஏற்றுக்கொண்டு பின் களைவதைத் தனி மதமாகவே வைத்தார். நாம் அதை நன்னூல் வகுப்பில் மனப்பாடப் பகுதியாக நடத்திவிட்டு, அடுத்த பாடவேளையில் கட்டுரைப் பயிற்சிக்கு வரும்போது மறந்துவிடுகிறோம்.

சமய வாதத்துக்கு மட்டும் பொருந்தும் முறை இது என்று எண்ண வேண்டாம். 1936இல் லாகூரின் சாதி ஒழிப்பு அமைப்பான ஜாத்-பாத்-தோடக் மண்டல் தன் மாநாட்டுக்குத் தலைமை தாங்க அம்பேத்கரை அழைத்தது. உரையை முன்கூட்டிப் படித்துப் பார்த்தவர்கள் சில பகுதிகளை நீக்கச் சொன்னார்கள். அவர் மறுத்தார், மாநாடே நின்றுபோனது. அவர் தம் செலவில் 1,500 படிகள் அச்சிட்டார். குடி அரசு இதழ் வழியாக அந்த உரை அக்காலத்திலேயே தமிழுக்கும் வந்தது. சாதியை அழித்தொழித்தல் என்று நாம் படிக்கும் அந்த உரையின் அமைப்பை ஒரு கட்டுரை ஆசிரியராக ஒருமுறை பிரித்துப் பாருங்கள். அரசியல் சீர்திருத்தமே முதலில் என்பவர், பொருளாதாரம் சரியானால் எல்லாம் சரியாகும் என்னும் சோசலிஸ்டு, சாதி என்பது வெறும் தொழிற்பிரிவினை என்பவர், இரத்தத் தூய்மை பேசுபவர் என்று ஒவ்வொருவராக அழைத்து அவரவர் அளவுகோலாலேயே அளக்கிறார். இனத்தூய்மை பேசுபவரிடம், பஞ்சாபின் பிராமணருக்கு இனத்தால் நெருங்கியவர் பஞ்சாபின் சமாரா, சென்னை மாகாணத்துப் பிராமணரா என்று இனவியலை வைத்தே கேட்கிறார். 26 பகுதிகள் கொண்ட உரையில் தாம் விரும்பும் சமூகம் எது என்பதை அவர் சொல்வது 14ஆம் பகுதியில்தான். காந்தி ஹரிஜன் இதழில் மறுப்பு எழுதியபோது, அந்த மறுப்பையும் தம் பதிலையும் சேர்த்தே அடுத்த பதிப்பை 1937இல் கொண்டுவந்தார். எதிர்ப்பவரின் எழுத்தைத் தம் நூலுக்குள்ளேயே அச்சிட்டுத் தந்தவரின் தன்னம்பிக்கையை நம் மாணவர்கள் பார்க்க வேண்டும்.

மேற்கோள் பற்றியும் இங்கே பேசியாக வேண்டும். காட்சியை மட்டுமே அளவையாகக் கொள்ளும் உலகாயதனிடம் ஆகமத்தைக் காட்டிப் பயனில்லை. அவன் ஏற்கும் அளவையிலிருந்துதான் பேச்சைத் தொடங்க முடியும். நம் பிள்ளைகளோ எதற்கும் ஒரு குறளைக் கொண்டுவந்து வைக்கிறார்கள், நாமும் அதன் அடியில் கோடிட்டு மதிப்பெண் தருகிறோம். கள்ளுண்ணாமை அதிகாரத்தைக் காட்டினால், மதுக்கடையை மூடினால் கள்ளச்சாராயம் பெருகும் என்பவர் ஏன் இணங்க வேண்டும்? அவருடைய கவலை விஷச்சாராயச் சாவுகள் பற்றியது. அதற்கு விடை சொல்லும் ஒரு வாக்கியம், பத்து மேற்கோளைவிட அந்தக் கட்டுரைக்குத் தேவை.

வகுப்பில் இதைச் செய்வது கடினமல்ல. தலைப்பைக் கேள்வியாக மாற்றுங்கள்: "கைபேசியின் தீமைகள்" வேண்டாம், "பள்ளிக்குள் கைபேசியை அனுமதிக்கலாமா?" என்று கொடுங்கள். மாணவர் முதலில் மாற்றுத் தரப்பின் பத்தியை மட்டும் எழுதி, உண்மையிலேயே அந்தக் கருத்துடைய வகுப்புத் தோழரிடம் காட்டட்டும். "ஆமாம், நான் சொல்வது இதுதான்" என்று அவர் ஒப்பினால்தான் அடுத்த பத்திக்குப் போகலாம். பட்டிமன்றப் பழக்கத்தில் ஊறிய பிள்ளைகள் முதல் வாரம் எதிரணியைக் கேலி செய்துதான் எழுதுவார்கள். தோழர் ஒப்புக்கொள்ளமாட்டார், திரும்ப எழுத வேண்டியிருக்கும். அந்தத் திரும்ப எழுதுதலில்தான் பாடமே நடக்கிறது. ஆசிரியரின் சிவப்பு மையால் அதைச் செய்ய முடியாது.

பொதுத்தேர்வு வினாத்தாள் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அகமதிப்பீட்டில் கட்டுரைக்கென்று நாம் வைத்திருக்கும் மதிப்பெண்ணில் பாதியை, மாற்றுத் தரப்பை நேர்மையாக எழுதிய அந்தப் பத்திக்கும் அதற்கான விடைக்கும் இந்தப் பருவத்திலிருந்தே ஒதுக்கலாம்.