கதை அறிந்த கை

மோதிரத்தையும் வளையலையும் அணிந்தவரே பார்த்து மகிழலாம். காதணியையோ கண்ணாடியின் துணையின்றி அணிந்தவர் காண்பதற்கில்லை. எதிரே நின்று பேசுகிறவரின் கண்ணுக்கென்றே அமைந்த ஆபரணம் அது. ஆதலால், பிறருக்குச் சொல்லத்தக்க ஒரு கதையைத் தாங்குவதற்கு அதைக் காட்டிலும் உகந்த அணி வேறில்லை என்று கருதும் நான், கிரேக்கப் புராணங்களைத் தழுவிக் கையால் செய்யப்படும் பெரிய காதணிகளை இன்று பலரும் விரும்பி அணிவதை மனமார வரவேற்கிறேன். ஆயினும், கதையை அறிந்த கை அவற்றைச் செய்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

நியூயார்க் நகரத்து மெட்ரோபாலிட்டன் கலைக்கூடத்தில், கி.மு. 330-க்கும் 300-க்கும் இடைப்பட்ட காலத்துப் பொற்காதணி ஜோடி ஒன்று இருக்கிறது. டிராய் நாட்டு அரசிளங்குமரனான கானிமீடை, தேவர்களின் அரசனான ஜீயஸ் கழுகு வடிவங்கொண்டு வானுலகுக்குத் தூக்கிச் சென்ற காட்சியே அதன் பொருள். மேலே இதழ் விரித்த பூவேலை. அதன் கீழே, அகன்ற சிறகுகளையுடைய கழுகின் பிடியில் இளைஞன். மொத்த உயரமோ ஏறத்தாழ 6 சென்டிமீட்டர்தான். காதில் தொங்குவது அந்தரத்தில் ஆடுவது என்பதை உணர்ந்தே, அந்தரத்தில் நிகழ்ந்த கதையை அந்தப் பொற்கொல்லன் தேர்ந்தான் போலும். அணிந்தவள் தலையசைக்கும்போதெல்லாம் கழுகு மீண்டும் பறந்திருக்குமல்லவா! பாஸ்டன் நுண்கலைக் காட்சிசாலையில், வெற்றித் தேவதையான நைக்கி இரட்டைக் குதிரை பூட்டிய தேரைச் செலுத்தும் காதணியிலும் இதே ஔசித்தியத்தைக் காண்கிறோம்.

இத்தகைய வேலையின் பரிசிரமம் சாமானியமன்று. கடுகினும் சிறிய பொன்மணிகளைத் தகட்டின்மேல் ஒவ்வொன்றாக அடுக்கி, செம்பின் உப்பும் பசையும் சேர்த்துச் சூடேற்றினால், மணியும் தகடும் தொடும் இடம் மட்டும் உருகி ஒட்டிக்கொள்ளும். சூடு சற்றே மிஞ்சினால் உழைப்பு முழுவதும் ஒரே கட்டியாகிவிடும். பழங்காலத்து இந்நுண்கலையை ஏதென்ஸ் நகரத்து இலியாஸ் லலவுனிஸ் (1920–2013) நம் காலத்தில் மீட்டுப் பயின்றார்; அவர் பெயரால் அக்ரோபோலிஸ் குன்றின் அருகே ஓர் ஆபரணக் காட்சிசாலையும் விளங்குகிறது.

இன்று சந்தையில் மலிந்துள்ள மெடூசா முகங்களைப் பாருங்கள். கண்டவரைக் கல்லாக்கும் அவளது தலையைக் கிரேக்கர்கள் கேடயங்களிலும் கோயில்களிலும் தீமையை விலக்கும் காவலாகப் பொறித்தார்கள். ஆகையால் அம்முகம் எதிரே நிற்பவரை நேருக்கு நேர் நோக்குவதே மரபு. இதனை அறியாதவர், பாம்புக் கூந்தலை மட்டும் அழகுக்காக வைத்துக்கொண்டு, முகத்தை ஒருபுறம் திருப்பி, ஒரே அச்சில் நூற்றுக்கணக்காக வார்த்து, கைவேலை என்று பெயரிட்டு விற்கும்பொழுது, கதையும் போய்விடுகிறது, கையும் போய்விடுகிறது.

சிறு அணிதானே என்று எண்ண வேண்டா. ஏதென்ஸ் நகரத்துப் பார்த்தினான் கோயிலில் பைடியாஸ் என்னும் சிற்பி பொன்னாலும் தந்தத்தாலும் சமைத்த அதீனா தேவியின் மாபெரும் பிரதிமை அழிந்தொழிந்தது. ஆயின் 1830-இல் கிரிமியாவின் குல்-ஓபா புதைமேட்டில் கிடைத்த, காதோரம் தொங்கவிடும் பொற்பதக்கங்கள் அப்பிரதிமையின் தலைக்கோலத்தை நமக்கு இன்றும் காட்டுகின்றன. பெரிய சிலை மறைய, சிறிய அணி சாட்சியாக நின்றது.

ஆதலால், அன்பர்களே, இத்தகைய காதணியை வாங்கும்பொழுது, இதில் உள்ள கதை யாது, இதைச் செய்த கை யாருடையது என்று இரண்டு கேள்விகள் கேளுங்கள். இரண்டிற்கும் விடை கூறவல்லவரிடம் விலை பேசாமல் வாங்குங்கள்.