சாய்வுன்னா மைனஸ் ஏ பை பி மட்டும்தானா?

பத்தாங்கிளாஸ் கணக்குல எனக்குச் சுத்தமா பிடிக்காத ஒண்ணு, சாய்வு சொல்லித் தர்ற விதம். ஏஎக்ஸ் + பிஒய் + சி = 0-ன்னு நேர்க்கோட்டோட சமன்பாடு குடுத்தா, சாய்வு = -ஏ/பி. மனப்பாடம் பண்ணு, மார்க் வாங்கு, அடுத்த கணக்குக்குப் போ. அவ்ளோதான் மேட்டர்.

சித்தி பையன் பத்தாவது படிக்கிறான். 60எக்ஸ் - 5ஒய் + 17 = 0, சாய்வு என்னன்னு கேட்டேன். பட்டுன்னு "12 ண்ணா"ன்னான். சரியான விடை. "சரி, 12-ன்னா என்னடா?"ன்னேன். "12-ன்னா 12 தாண்ணா." பையனைக் குத்தம் சொல்ல முடியாது. யாரும் அவன்கிட்ட அதைக் கேட்டதே இல்லை.

அந்தச் சமன்பாடு வேற ஒண்ணுமில்லீங்க, ஆட்டோ கட்டணம். 2013-ல தமிழக அரசு சென்னைக்கு நிர்ணயிச்சது: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதுக்கு மேல கிலோமீட்டருக்கு 12 ரூபாய். (மீட்டர் போட்டாங்களான்னு கேக்கப்படாது :)) எக்ஸ் தூரம், ஒய் காசு. ஒய்யைத் தனியா ஒரு பக்கம் நிறுத்துங்க: 5ஒய் = 60எக்ஸ் + 17. அஞ்சால வகுங்க: ஒய் = 12எக்ஸ் + 3.4. 1.8 கிலோமீட்டருக்கு மேல எந்தத் தூரத்தையும் போட்டுப் பாக்கலாம். 5 கிலோமீட்டருக்கு 63 ரூபா 40 காசு. அந்த 12 தான் சாய்வு. இன்னும் ஒரு கிலோமீட்டர் போனா இன்னும் எவ்ளோ அழணும்ங்கிற கணக்கு.

"பரீட்சையில இதுக்கெல்லாம் நேரமேது?"ன்னு வாத்தியாருங்க கேப்பாங்க. சூத்திரம் மிச்சப்படுத்துறது ரெண்டே ரெண்டு வரி. ஆனா பாதிப் பசங்க அந்த மைனஸை மறந்துட்டு மார்க்கை விடுறாங்க. ஏஎக்ஸை அந்தப் பக்கம் தள்ளும்போது குறி மாறுது, மைனஸ் அங்கேருந்துதான் வருது. ஒரு தடவை கையால தள்ளிப் பாத்தவனுக்கு அது மறக்காது.

எக்ஸ் = 4 மாதிரி செங்குத்துக் கோடு வந்தா இன்னும் மோசம். 'சாய்வு வரையறுக்கப்படவில்லை'ன்னு அதுவும் ஒரு மனப்பாடம். பக்கவாட்டுல நகரவே நகராத கோட்டுல, ஒரு அடி நகர்ந்தா எவ்ளோ ஏறும்ங்கிற கேள்விக்கே இடமில்லை. இவ்ளோ எளிமையான விஷயம்.

இதுல என்ன குடி முழுகிப் போச்சுன்னு தோணலாம். பதினொண்ணாவதுல இயற்பியல்ல வேகம்னு வர்றது தூரம்-நேரம் வரைபடத்தோட சாய்வு. வகையீடுன்னு வர்றது தொடுகோட்டோட சாய்வு. ஆபீஸ்ல சர்வர் மெமரி மணிக்கு எத்தனை எம்பி ஏறுதுன்னு நாங்க முழிச்சுக்கிட்டுப் பாக்கறதும் அதேதான். சாய்வை வெறும் நம்பரா படிச்சவன் அங்கே போய் முட்டிக்கிட்டு, 'எனக்குக் கணக்கு வராது'ன்னு முடிவு கட்டிடறான். அவனுக்கு வராம இல்லை, நாம சொல்லலை.

சூத்திரத்தைத் தூக்கி எறியச் சொல்லலை. சாய்வு கேக்குற ஒவ்வொரு கணக்குலயும் கூட ஒரு மார்க்குக்கு, 'இந்தச் சாய்வு எதைச் சொல்கிறது?'ன்னு ஒரு கேள்வி சேருங்க. மார்க்குன்னு வந்துட்டா நம்ம ஊர்ல எல்லாரும் சொல்லிக் குடுத்துத்தானே ஆகணும்?