நாற்பதில் தாதிமையா என்று கேட்பவர்களுக்கு

சிங்கப்பூரில் நாற்பதை ஒட்டிய ஒருவர், இருக்கும் அலுவலக வேலையை விட்டுவிட்டுத் தாதிமை படிக்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னால் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியும். முதலில் மாமியார், அடுத்து அலுவலகத் தோழி, கடைசியில் கீழ்மாடி அண்ணன். எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "அதெல்லாம் இருபது வயசுப் பிள்ளைங்க படிக்கிறது. இனிமே முடியுமா?" அக்கறையில்தான் சொல்கிறார்கள். அக்கறையாக வருவதாலேயே அது உண்மைதானா என்று யாரும் உரசிப் பார்ப்பதில்லை.

இளையவர்களுக்கான தொழில் என்ற எண்ணத்திலிருந்தே தொடங்குவோம். 1860இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் நைட்டிங்கேல் பயிற்சிப் பள்ளி தொடங்கியபோது, மாணவிகளுக்கு உகந்த வயதாக அது குறித்தது 25 முதல் 35 வரை. அந்தப் பள்ளியை நிறுவிய நைட்டிங்கேலே ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்ட்டுக்குப் பயிற்சிக்குப் போனபோது அவருக்கு வயது 31. அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குத் தரப்பு ராணுவத் தாதியருக்குப் பொறுப்பாக இருந்த டோரத்தியா டிக்ஸ் இன்னும் கறார். 1862இல் அவர் விடுத்த சுற்றறிக்கை, 35 முதல் 50 வயது வரையுள்ள பெண்களையே கேட்டது. துடிப்பான இளம்பெண்களைக் கதவருகிலேயே திருப்பி அனுப்பினார் அந்த அம்மையார். அவருடைய காரணங்கள் எல்லாமே நியாயமானவை அல்ல. இளம்பெண்கள் வந்தால் காதல் விவகாரங்கள் வரும் என்ற பயமும் அவற்றில் உண்டு. ஆனாலும் ஐம்பது வயது என்பது இன்றைவிடப் பெரிய முதுமையாக எண்ணப்பட்ட காலத்தில், மின்விளக்கும் ஓடும் குழாய்த் தண்ணீரும் இல்லாத போர்க்கால மருத்துவமனைகளுக்கு அந்த வயதுக்காரர்களால் முடியும் என்று முடிவு செய்தவர், அந்த வேலையை நேரில் அறிந்தவர். பள்ளி முடித்த கையோடு சேரும் படிப்பு என்ற உருவம் இந்தத் தொழிலுக்குப் பின்னால்தான் வந்து ஒட்டிக்கொண்டது.

அடுத்து, "உடம்பு தாங்காது". இதில் பாதி உண்மை இருக்கிறது. வார்டில் நாள் முழுக்க நிற்க வேண்டும், நோயாளியைப் புரட்ட வேண்டும், இரவு ஷிஃப்ட் முடிந்து வெயிலில் வீடு திரும்ப வேண்டும். ஆனால் முதுகுவலி பிறப்புச் சான்றிதழைப் பார்த்து வருவதில்லை. சிசிலி சாண்டர்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அதே செயின்ட் தாமஸில் தாதிமை பயின்றவர், முதுகுக் கோளாறால் அந்த வேலையை விட்டவர். அப்போது அவர் முப்பதைக்கூடத் தொடவில்லை. அதே சாண்டர்ஸ் பிறகு மருத்துவ சமூக ஊழியரானார், 33 வயதில் மருத்துவம் படிக்கத் தொடங்கினார், 1957இல் மருத்துவரானார், 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் அந்திமகாலப் பராமரிப்பு இல்லத்தைத் திறந்தார். இளமையில் கைவிட்ட உடம்பு நடுவயதில் அவரைத் தடுக்கவில்லை.

தாதியர் வேலை முழுவதும் வார்டுக் கட்டிலைச் சுற்றியே நடப்பதாக நினைப்பதும் இந்தப் பயத்துக்கு ஒரு காரணம். பலதுறை மருந்தகம், டயாலிசிஸ் நிலையம், வீடு தேடிச் செல்லும் பராமரிப்பு, புண்ணுக்குக் கட்டுப் போடும் சிறப்புப் பிரிவு என்று இடங்கள் பல. பயிற்சிக் காலத்தில் வார்டைத் தவிர்க்க முடியாதுதான். வாழ்நாள் முழுக்க அங்கேயே இருக்க வேண்டும் என்பதில்லை.

"மண்டையில் ஏறாது" என்பதற்குப் பெரிய பதில் தேவையில்லை. உடற்கூறியல் பெயர்களை மனப்பாடம் செய்ய இருபது வயதுக்காரரை விடக் கூடுதல் நேரம் பிடிக்கலாம். மருந்தளவுக் கணக்கில் பத்து ஆண்டு கணக்கு பார்த்தவர் முந்திவிடுவார்.

"படித்து முடிப்பதற்குள் ஓய்வு வயதே வந்துவிடும்" என்பவர்கள் விரல்விட்டு எண்ணிப் பார்க்கவில்லை. வேறு துறையிலிருந்து வருபவர்களுக்காகவே இங்கே வாழ்க்கைத்தொழில் மாற்றுத் திட்டம் இருக்கிறது. ஏற்கெனவே பட்டமோ பட்டயமோ உள்ளவர், கட்டணம் கட்டாமல், மாத உதவித்தொகையோடு இரண்டு ஆண்டுகளில் தாதிமைப் பட்டயம் பெறலாம். நாற்பதில் தொடங்கினால் நாற்பத்திரண்டில் பதிவு பெற்ற தாதி. சிங்கப்பூரின் ஓய்வு வயது 2026 ஜூலை முதல் 64, மறுவேலைவாய்ப்பு வயது 69. அப்படியென்றால் முன்னால் இருப்பது 22 ஆண்டுகள், விரும்பினால் 27. இருபதில் சேர்ந்தவர் இவ்வளவு காலம் நிலைப்பார் என்றும் சொல்ல முடியாது. பொது மருத்துவமனைகளில் தொடர்ந்து பணியாற்றும் தாதியருக்கு 20 ஆண்டுகளில் 100,000 வெள்ளி வரை கொடுக்கும் திட்டத்தை அரசாங்கம் 2024இல் அறிவித்தது. இளையவர்கள் தாமாகவே தங்கிவிடுவார்கள் என்றால், தங்குவதற்குப் பணம் எதற்கு?

எனக்கு உண்மையிலேயே கனமாகப் படும் வாதம் வேறு. "இருபத்தாறு வயசுப் பொண்ணு அதட்டுவா, பொறுத்துக்குவியா?" மற்ற வாதங்களெல்லாம் உடம்பைப் பற்றியும் வயதைப் பற்றியும் பேச, இது மனிதரைத் தொடுகிறது. பதினைந்து ஆண்டு மேலாளராக இருந்தவர், ஷிஃப்ட் மாறும் நேரத்தில் சிறுநீர் அளவை எழுத மறந்ததற்காக நோயாளி காதுபடத் திட்டு வாங்குவார். படிநிலை அங்கே இறுக்கமானது. காரணம் அகங்காரம் மட்டுமல்ல. மருந்தின் அளவைச் சரிபார்ப்பவர் இளையவரா மூத்தவரா என்று பார்த்துக்கொண்டிருந்தால் நோயாளிதான் சாவார். இதைத் தாங்க முடியாதவர்கள் உண்டு. அவர்கள் இருபது வயதிலும் உண்டு. இதற்குச் சரியான சோதனை, சேர்வதற்கு முன்பே மருத்துவமனையில் ஒரு தாதியின் பின்னாலேயே நடந்து, அவர் செய்வதை எல்லாம் பார்ப்பது. பெட்பேன் எடுப்பதும் அதில் அடக்கம். அக்கம்பக்கத்து ஆலோசனையைவிட அது நேர்மையான பதிலைத் தரும்.

"இத்தனை வருஷ அனுபவமும் வீண்" என்பதைக் கொவிட் காலமே பொய்யாக்கியது. 2020இல் விமானங்கள் நின்றபோது சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானப் பணியாளர்கள் மருத்துவமனைகளில் உதவிக்குப் போனார்கள். பயந்தவரையும் கோபக்காரரையும் ஒரே நேரத்தில் சமாளிக்கும் திறமை அவர்களிடம் தயாராக இருந்தது. ஆசிரியராக இருந்தவர், முதன்முறை இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளப் போகும் தாத்தாவுக்குச் சொல்லித் தருவதைக் கற்பனை செய்யுங்கள். தமிழ் மட்டுமே வாயில் வரும் பாட்டி வார்டில் "மிஸ்ஸி, மிஸ்ஸி" என்று கூப்பிடும்போது, ஓடி வருபவர் பிலிப்பீன்ஸ்காரராகவோ மியன்மார்க்காரராகவோ இருக்கலாம். அன்பாகத்தான் பார்ப்பார். ஆனால் வலி குத்துகிறதா, எரிகிறதா, இழுக்கிறதா என்று கேட்டறிய வீட்டுத் தமிழ் தெரிந்த ஒருவர் வேண்டும்.

அதற்காக, "அம்மாவைக் கடைசி வரை பார்த்துக்கொண்டேன், ஆகவே இந்த வேலை எனக்கு வரும்" என்று கிளம்புபவர்களோடும் நான் உடன்படவில்லை. ஒருவரைப் பாசத்தால் பார்ப்பதும், ஒரே ஷிஃப்டில் பல அந்நியர்களை முறைப்படி பார்ப்பதும் ஒன்றல்ல. சேவை, புண்ணியம் என்ற சொற்களோடு வருபவர் முதல் சம்பளச் சீட்டையும் முதல் இரவு ஷிஃப்டையும் பார்த்ததும் திகைப்பார்.

வேண்டாம் என்று சொல்ல நினைப்பவர்கள் பிடிக்க வேண்டியது இந்த இடத்தைத்தான். இரண்டு ஆண்டுகள் உதவித்தொகையில் வீட்டுக் கடன் ஓடுமா? பிள்ளை தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு எழுதும் ஆண்டில் அம்மாவோ அப்பாவோ இரவில் வீட்டில் இல்லாவிட்டால் யார் இருப்பார்கள்? படிப்புக்குப் பின் குறிப்பிட்ட காலம் பணியாற்றியே தீர வேண்டும் என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடத் துணிவு உண்டா? இவற்றுக்கு விடை இல்லாதவர் சேராமல் இருப்பதே நல்லது.

தமிழ்நாட்டில் இருப்பவருக்கு நிலைமை வேறு. அங்கே மாமியார் சொல்வதற்கு முன்பே விதி சொல்லிவிடுகிறது. பட்டயப் படிப்பான ஜி.என்.எம்., பட்டப் படிப்பான பி.எஸ்சி. நர்சிங் இரண்டுக்கும் இந்திய நர்சிங் கவுன்சில் வைத்திருக்கும் மேல்வரம்பு 35 வயது. ஆனால் துணைத் தாதிப் படிப்பான ஏ.என்.எம். ஏற்கெனவே முடித்தவர் ஜி.என்.எம். சேர வயதுத் தடை இல்லை என்றும் அதே கவுன்சில் சொல்கிறது. அவருடைய முழங்காலும் மற்றவர்களுடைய முழங்காலைப் போலத்தான் தேய்கிறது. அவரால் நாற்பதில் ஜி.என்.எம். படிக்க முடியும் என்றால், வங்கியில் இருந்த பெண்ணால் ஏன் முடியாது என்பதற்குக் கவுன்சில் காரணம் சொல்ல வேண்டும்.