கேமரா 16... கைப்பிடி ஒன்று! கண்ட்ரோல் ரூமில் நடப்பது என்ன?

செயின் பறிப்பு, வண்டி திருட்டு என்று புகார் வந்தால் போலீசார் முதலில் தேடுவது அந்தப் பகுதி கேமரா பதிவைத்தான். பல வழக்குகளில் ஆள் சிக்குவதும் அதனால்தான். ஆனால் சில நேரம், கேமரா இருந்தது, அப்போது வேறு பக்கம் திரும்பி இருந்தது என்று பதில் வரும். தாலிச் செயினை பறிகொடுத்த பெண்ணுக்கு இதைவிட வயிற்றெரிச்சல் வேறு இருக்க முடியுமா?

கேமரா எப்படி வேறு பக்கம் திரும்பும்? அதை திருப்புவது யார்? இதுகுறித்த அலசல் வருமாறு:-

இரண்டு வகை கேமரா

தெருவில் இருக்கும் கேமராக்கள் இரண்டு வகை. ஒன்று எந்நேரமும் ஒரே பக்கத்தை பார்த்தபடி நிற்கும். இன்னொன்று உருண்டை கூண்டுக்குள் இருக்கும் சுழலும் கேமரா. இடம், வலம், மேல், கீழ் என்று திரும்பும். தூரத்தில் போகும் வண்டியின் நம்பரை கிட்டத்தில் இழுத்து காட்டும். திருவண்ணாமலை தீபம், மதுரை சித்திரை திருவிழா, தி.நகர் தீபாவளி கூட்டம் போன்ற இடங்களுக்கு இதுதான் வசதி.

இதை திருப்ப கண்ட்ரோல் ரூமில் ஒரு பலகை இருக்கும். அதில் நம்பர் பட்டன்களும், வீடியோ கேம் விளையாடுவது மாதிரி ஒரு கைப்பிடியும் உண்டு. 16 கேமரா இருந்தாலும் பலகை ஒன்றே போதும். 5-ம் நம்பரை அழுத்தி கைப்பிடியை சாய்த்தால் 5-ம் கேமரா மட்டும் திரும்பும்.

டோக்கன் மாதிரி

இது எப்படி நடக்கிறது? பழைய முறையில் முறுக்கிய 2 ஒயர்தான். 'ஆர்.எஸ்.485' என்பார்கள். பலகையில் இருந்து முதல் கேமராவுக்கு, அங்கிருந்து இரண்டாவதுக்கு என்று பூ தொடுப்பது போல வரிசையாக ஒயர் போகும். ஒவ்வொரு கேமராவுக்குள்ளும் குட்டி சுவிட்சுகளால் ஒரு நம்பர் வைத்திருப்பார்கள். உத்தரவு எல்லா கேமராவுக்கும்தான் போகும். ரேஷன் கடையில் டோக்கன் நம்பர் கூப்பிட்டால் அந்த ஆள் மட்டும் எழுந்து வருவது போல, நம்பருக்கு உரிய கேமரா மட்டும் கேட்கும். சாதாரணமாக ஒரே வரிசையில் 32 கருவிகள் வரை, 1,200 மீட்டர் தூரம் வரை தாங்கும்.

கோளாறு எங்கே?

இரண்டு கேமராவுக்கு ஒரே நம்பர் வைத்துவிட்டால் இரண்டும் சேர்ந்து திரும்பும். பிளஸ், மைனஸ் ஒயரை மாற்றி கொடுத்துவிட்டால் படம் நன்றாக வரும், கேமரா மட்டும் அசையாது. காரணம், இந்த முறையில் படம் வரும் கேபிள் தனி. டி.வி.யில் படம் தெரிகிறதே, எல்லாம் சரி என்று விட்டுவிடுவார்கள்.

காசை மிச்சம் பிடிக்க நடுவழியில் கிளை பிரித்து ஒயர் இழுப்பதும் உண்டு. அப்படி செய்தால் சுவரில் மோதி திரும்பும் சத்தம் போல உத்தரவு எதிரொலித்து குழம்பும். ஒயரின் கடைசி முனையிலும் இப்படி எதிரொலி வரும்; அதை தடுக்க கடைசி கேமராவில் 120 ஓம் ரெசிஸ்டர் ஒன்று போட வேண்டும். சில ரூபாய் சமாச்சாரம்தான். ஆனால் அதை மறந்தால் ஒருநாள் ஓடும், மறுநாள் அடம் பிடிக்கும். ஒரு ஜங்ஷன் பாக்சில் மழைத்தண்ணீர் இறங்கினாலோ, பள்ளம் தோண்டும்போது ஒயர் அறுந்தாலோ அதற்கு அப்பால் உள்ள எந்த கேமராவும் திரும்பாது.

இப்போது வரும் கேமராக்களில் படம், உத்தரவு, கரண்ட் மூன்றையும் ஒரே நெட்வொர்க் கேபிளில் கொடுக்கலாம். ஆனால் அந்த கேபிள் 100 மீட்டர் வரைதான். அதற்கு மேல் கண்ணாடி இழை கேபிள் வேண்டும். கம்பத்தில் உள்ள இணைப்பு பெட்டி செத்தால் அதில் மாட்டிய கேமராக்கள் மொத்தமும் அவுட்.

கை ஒன்றுதானே?

ஒயர் எல்லாம் சரி. அப்போதும் ஒரு சிக்கல் இருக்கிறது. கைப்பிடியை பிடிப்பவர் ஒரு நேரத்தில் ஒரு கேமராவைத்தான் திருப்ப முடியும். பஸ் நிலைய தகராறை பார்க்க ஒன்றை திருப்பினார் என்று வையுங்கள். அரை மணி முன்பு அவர் எங்கே விட்டாரோ, மற்றவை அங்கேயே பார்த்துக்கொண்டு நிற்கும். கேமரா பார்க்காதது பதிவாகாது. பிறகு எத்தனை முறை ஓட்டிப் பார்த்தாலும் கிடைக்காது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. யாரும் தொடாவிட்டால் சில நிமிடத்தில் தானாகவே முக்கியமான இடத்துக்கு திரும்பும்படி பல கேமராக்களில் செட் பண்ணலாம். சுழலும் கேமரா பக்கத்திலேயே, அசையாத கேமரா ஒன்றும் வைக்க வேண்டும். அது எப்போதும் சாலையை பார்த்துக்கொண்டே இருக்கும்.

நம்ம காசு

சென்னையில் 2017-ல் ஏ.கே.விஸ்வநாதன் போலீஸ் கமிஷனராக வந்த பிறகு 'மூன்றாவது கண்' திட்டத்தில் தெருவுக்கு தெரு கேமரா வந்தது. பொதுமக்களும் வியாபாரிகளும் பணம் போட்டார்கள். மற்ற ஊர்களிலும் கடைக்காரர்கள் கொடுத்த காசில் நிற்கும் கேமராக்கள் ஏராளம். அதனால் கேள்வி கேட்க நமக்கு உரிமை உண்டு.

கேமரா இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு 2020-ல் நடந்த சாத்தான்குளம் சம்பவமே சாட்சி. போலீஸ் நிலையத்தில் கேமரா இருந்தது, பதிவு வைக்க ஹார்டு டிஸ்க்கிலும் இடம் இருந்தது. ஆனால் தினமும் தானாக அழியும்படி செட் பண்ணி இருந்ததாக மாஜிஸ்திரேட்டு ஐகோர்ட்டுக்கு அறிக்கை கொடுத்தார். அதே ஆண்டு டிசம்பரில், போலீஸ் நிலைய கேமரா பதிவுகளை 18 மாதம் வைக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது.

எனவே அடுத்த முறை கேமராவுக்கு நன்கொடை கேட்டு வந்தால் கொடுங்கள். கூடவே நாலு கேள்வியும் கேளுங்கள். யாரும் தொடாதபோது இது எந்த பக்கம் பார்க்கும்? பதிவு எத்தனை நாள் இருக்கும்? ஒரு ஆள் எத்தனை கேமராவை பார்ப்பார்? மாதம் ஒரு முறை கைப்பிடியை சாய்த்து, எல்லாம் திரும்புகிறதா என்று சோதிப்பது யார்?

திறப்பு விழாவில் ரிப்பன் வெட்ட ஆள் நிறைய வருவார்கள். அந்த நாலாவது கேள்விக்கு ஒரு பெயரும், ஒரு போன் நம்பரும் பதிலாக கிடைத்தால்தான் நீங்கள் கொடுத்த காசுக்கு அர்த்தம்.